பிள்ளையின் தோளுக்கு ஒரு ரைஃபிள் கட்டை

அமெரிக்கக் கிராமப்புறங்களில் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் குறிபார்த்துச் சுடப் பழகுவது தலைமுறைகளாக வருகிற வழக்கம். அவர்களுக்கென்றே ‘பாய்ஸ் ரைஃபிள்’ என்ற பெயரில் மலிவான ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே விற்பனைக்கு வந்தன. ஸ்டீவன்ஸ் ஃபேவரிட், வின்செஸ்டர் 1900 போன்றவை அப்படி வந்தவை. இன்றும் பல வீடுகளில் தாத்தா காலத்து .22 ரைஃபிள் ஒன்று அலமாரியில் பூட்டியிருக்கும். பேரப்பிள்ளை சுடப் பழகும் வயது வந்ததும் அதைத்தான் வெளியே எடுப்பார்கள்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் துப்பாக்கி வின்செஸ்டர் மாடல் 67. 1934லிருந்து 1963 வரை தயாரானது. போல்ட்டைத் திறந்து ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூட வேண்டும். மூடினால் மட்டும் சுடத் தயாராகிவிடாது. போல்ட்டின் பின்னாலுள்ள குமிழைத் தனியாகப் பிடித்து இழுக்க வேண்டும். பழகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை. தச்சு வேலை செய்பவருக்கும் இது வசதி: அடியிலுள்ள ஒரே திருகைக் கழற்றினால் இரும்புப் பகுதி முழுதும் கட்டையிலிருந்து தனியே வந்துவிடும். குறை ஒன்றுதான். சாதாரண மாடலின் கட்டை வளர்ந்தவர்களின் அளவு. குழல் 27 அங்குல நீளம்.

பொருந்தாத கட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தால் என்ன நடக்கிறது என்பதைச் சுடுதளத்தில் பத்து நிமிடம் நின்றாலே காணலாம். பின்முனை தோளில் உட்காராமல் அக்குளுக்குள் நழுவும். விசைக்கு விரல் எட்டுவதற்காகக் கை முழுதும் முன்னே சாயும். துப்பாக்கியின் பாரம் முன்னால் இழுக்க, அதைச் சமாளிக்கப் பிள்ளை முதுகை வளைத்துப் பின்னால் சாய்வாள். கண் குறிக்கு நேராக வராததால் தலையைத் தூக்குவாள். இவ்வளவுக்கும் நடுவில் குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்ற நினைவு தப்பிவிடும். கட்டையின் அளவைப் பாதுகாப்பின் முதல் படியாகவே நான் கருதுகிறேன். அழகும் பளபளப்பும் அதற்குப் பிறகு வருபவை.

பல வீடுகளில் பழைய கட்டையின் பின்முனையை ரம்பத்தால் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீளம் குறைந்தாலும் கழுத்துப் பகுதி பெரிய கைக்கான பருமனிலேயே இருக்கும். சிறு கை அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. பிள்ளையின் முகம் சிறியது. கன்ன எலும்புக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் குறைவு. அதனால் கன்னம் அழுந்தும் மேடு உயரமாக இருக்க வேண்டும். அறுத்த கட்டையில் அது தாழ்ந்தே கிடக்கும். ஒரு பழம்பொருளும் பாழாகும். தாத்தாவின் கட்டையைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்குப் புதிதாகச் செய்யுங்கள். அவள் வளர்ந்ததும் பழையது அவளுக்கே போகும்.

தொடங்குமுன்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு ரைஃபிள் விற்கக்கூடாது. துப்பாக்கி பெற்றோரின் பொறுப்பில்தான் இருக்கும். பிள்ளை அதைத் தொடுவது பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மரக்கட்டையைச் செய்ய உரிமம் வேண்டியதில்லை. ஆனால் கட்டையைக் குட்டையாக்கும்போது ஒரு வரம்பு உண்டு: ரைஃபிளின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ, குழல் 16 அங்குலத்துக்கோ குறைந்தால், 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அது வேறு வகையாகிவிடும், முன்அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது குற்றம். 27 அங்குலக் குழலோடு அந்த வரம்பை நெருங்கவே முடியாது என்றாலும் தெரிந்திருப்பது நல்லது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகளும் உண்டு. உங்கள் ஊர் விதியைக் கேட்டறியுங்கள். இந்தியாவில் .22 ரைஃபிளுக்கு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். அங்கே துப்பாக்கி சுடும் மன்றங்களில் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, மரக்கட்டை பொருத்திய ஏர் ரைஃபிள் விஷயத்தில் இங்கே வரும் அளவெடுப்பும் மெருகும் அப்படியே பயன்படும்.

பழைய துப்பாக்கியென்றால் மர வேலைக்கு முன்பே துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். விசை தானாக விடுபடுகிறதா, தோட்டா அறை தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை. குழல் நீளமாக இருப்பதால் குட்டைக் கட்டையோடு சேர்த்தால் முன்பாரம் கூடும். வின்செஸ்டரே ‘ஜூனியர்’ என்ற வடிவத்தில் 20 அங்குலக் குழலும் சிறிய கட்டையும் வைத்து விற்றது. குழலைக் குறைக்க நினைத்தால் பழுதுபார்ப்பவரிடமே விடுங்கள். வீட்டில் அறுக்க வேண்டாம். குறைக்க மனம் இல்லையென்றால், முதல் ஓரிரு வருடம் மணல் மூட்டைமேல் தாங்கியே சுடப் பழக்கலாம். நான் இந்த வழியையே விரும்புவேன்.

வேலை நடக்கும் நாட்களில் போல்ட் தனியாகக் கழற்றி வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். தச்சு மேசை இருக்கும் அறைக்குள் ஒரு தோட்டாகூட வரக்கூடாது.

அளவெடுப்பது

பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். வலது முழங்கை செங்கோணமாக மடங்கட்டும். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கையின் உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுவரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். விசையிலிருந்து பின்முனையின் நடுவரை இருக்க வேண்டிய நீட்டளவுக்கு இது நல்ல தொடக்கம். வளர்ந்தவர்களுக்கு இது 13½ அங்குலத்தைச் சுற்றி இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 11 அங்குலம் என்றும், பன்னிரண்டு வயதுக்காரருக்கு 12½ என்றும் வரலாம். பனிக்காலத்தில் தடித்த கோட்டுடன் வேட்டைக்குப் போகிற குடும்பமென்றால் கோட்டைப் போட்டே அளவெடுங்கள்; அரை அங்குலம் வரை வித்தியாசப்படும். சந்தேகம் வந்தால் குட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள். சற்றே குட்டையான கட்டையை எந்தப் பிள்ளையும் சமாளிக்கும்; நீண்டதைச் சமாளிக்காது.

எந்தக் கண் வலுவான கண் என்றும் பாருங்கள். இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாக உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளியில் உங்களுக்குத் தெரிகிற கண்தான் அது. வலதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடது கண் வலுவாக இருப்பது அரிதல்ல. அப்படியானால் இடது தோளில் வைத்துப் பழகுவதா, ஒரு கண்ணை மறைத்துப் பழகுவதா என்பதைப் பயிற்சியாளரோடு பேசி முடிவெடுத்த பிறகே மரத்தைத் தொடுங்கள். கன்ன மேடு எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பது இந்த முடிவைப் பொறுத்தது.

எண்களை மட்டும் நம்பி விலையுயர்ந்த மரத்தை அறுக்க வேண்டாம். முதலில் பைன் மரத்தில் ஒரு மாதிரி செய்யுங்கள். அமெரிக்க மரக்கடைகளில் ‘டூ பை சிக்ஸ்’ என்று விற்கும் சட்டத்தின் உண்மையான கனம் 1½ அங்குலம். பிள்ளையின் கட்டைக்கு ஏறக்குறைய அதே கனம் போதும். பக்கவாட்டு வடிவத்தை அட்டையில் வரைந்து, மரத்தில் பதித்து, அறுத்து, விளிம்புகளை மட்டும் மழுக்கினால் ஒரு பிற்பகலில் மாதிரி தயார். குழலுக்குப் பதிலாக ஓர் உருண்டைக் குச்சியை மேலே கட்டி, உண்மையான துப்பாக்கியில் குறிகள் நிற்கும் அதே உயரத்தில் முன்னும் பின்னும் இரண்டு ஆணிகளை அடியுங்கள்.

இனி பிள்ளையின் முறை. கண்ணை மூடிக்கொண்டு மாதிரியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்கட்டும். இரண்டு ஆணிகளும் நேர்கோட்டில் தெரிந்தால் மேட்டின் உயரம் சரி. முன் ஆணி மறைந்துபோனால் மேடு தாழ்வு. அட்டைத் துண்டுகளை ஒட்டி உயர்த்திப் பாருங்கள். முன் ஆணி பின் ஆணிக்கு மேலே எழும்பி நின்றால் மேடு உயரம், அரத்தால் ராவுங்கள். கழுத்துப் பகுதியைப் பிடிக்கும்போது விசை இருக்கும் இடத்தில் விரல் நுனியின் சதைப்பகுதி சேர வேண்டும், மூட்டு அல்ல. சுற்றளவு நாலு அங்குலத்துக்கு அருகில் வந்தால் பெரும்பாலான சிறு கைகளுக்குப் பொருந்தும். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். ‘இங்கே குத்துது’ என்றால் அங்கே குத்துகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சோர்ந்த மாலையில் கொடுத்த பதிலும் புத்துணர்ச்சியான காலையின் பதிலும் சில நேரம் மாறும். மரமாதிரிதான் என்றாலும் அதை ஆள் இருக்கும் பக்கம் நீட்டக் கூடாது என்ற ஒழுங்கை இங்கேயே தொடங்கிவிடுங்கள்.

இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். இது சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் பொறுமையும் கூர்மையான உளியும் சேர்ந்தால் முடிகிற காரியம்.

மரம்

துப்பாக்கிக் கட்டைக்கு அக்ரூட் மரத்துக்கு இணையில்லை என்று அமெரிக்கர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. எடைக்கேற்ற வலிமை உண்டு, காய்ந்த பிறகு அதிகம் முறுக்கிக்கொள்ளாது, உளிக்குக் கட்டுப்படும். அங்கே வளரும் கறுப்பு அக்ரூட், காய்ந்த நிலையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 610 கிலோ. மிஸ்ஸூரி மாநிலம் இந்த மரத்துக்குப் பேர்போனது. அங்குள்ள வார்சா என்ற சிற்றூரில் பிஷப், ஃபாஜென் ஆகிய கட்டைத் தயாரிப்பாளர்கள் நெடுங்காலம் தொழில் நடத்தினார்கள். கடின மேப்பிள் 700 கிலோவைத் தாண்டும், பிள்ளைக்குக் கனம். செர்ரி 560 கிலோ அளவில் இலேசானது. .22க்கு உதைப்பு மிகக் குறைவு என்பதால் செர்ரி தாராளமாகத் தாங்கும். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு அதுவே என் பரிந்துரை.

மரத்தின் அழகை விட நாரோட்டம் முக்கியம். கட்டையில் மிக ஒல்லியான இடம் கழுத்து. துப்பாக்கி கீழே விழுந்தால் முறிவது அங்கேதான். பிள்ளைகள் கீழே போடத்தான் செய்வார்கள். கழுத்தின் வழியாக நார் நீளவாக்கில், இடையில் வெளியேறாமல் ஓட வேண்டும். அட்டை வடிவத்தைப் பலகைமேல் வைத்து, சற்றே சாய்த்து, திருப்பி, நார் கழுத்தின் சரிவோடு சேர்ந்து இறங்கும் இடத்தைத் தேடுங்கள். அலையலையான அழகிய கோலமிருந்தால் அது பின்முனையில் விழட்டும், கழுத்தில் வேண்டாம். கணு, சுழி, வெடிப்பு ஆகியவை கழுத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.

ஈரப்பதம் 6 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் பலகையை வாரம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்து வரலாம். எடை குறைவது நின்றால் அந்த அறையின் காற்றோடு மரம் ஒத்துப்போய்விட்டது என்று பொருள். அதுவரை இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ தடவி வையுங்கள், இல்லையேல் முனைவழி வேகமாக உலர்ந்து வெடிக்கும்.

அக்ரூட் தூள் தோலையும் கண்ணையும் உறுத்தும். முகமூடி அணிந்தே ராவுங்கள். பக்கத்தில் குதிரை வளர்ப்பவர் இருந்தால் கறுப்பு அக்ரூட் சீவலை லாயத்தில் பரப்பக் கொடுத்துவிடாதீர்கள். அதன்மேல் நின்றாலே ஒரே நாளில் குதிரையின் குளம்புகள் வீங்கி நொண்டத் தொடங்கும்.

இரும்புக்கு இடம் வெட்டுதல்

புதியவர்கள் வெளி வடிவத்தை முதலில் செதுக்க ஆசைப்படுவார்கள். அதை அடக்கிக்கொள்ளுங்கள். பலகை நாற்கோணமாக, நேர்ப் பக்கங்களோடு இருக்கும்போதே குழலுக்கும் போல்ட் கூட்டுக்கும் விசைக்கும் உரிய பள்ளங்களை வெட்ட வேண்டும். மூலைமட்டமும் வரிக்கோலும் பிடிக்க அந்த நேர்ப் பக்கங்கள்தான் ஆதாரம். இழைப்புளியால் மேல்பக்கத்தைத் தட்டையாக்கி, நடுக்கோட்டை மேலும் கீழும் இரு முனைகளிலும் கீறுங்கள். வேலை கடைசிக் கட்டம் வரும்வரை இந்தக் கோடு அழியக்கூடாது. அழிந்தால் மறுபடி கீறுங்கள்.

திருகுத் துளையை முதலில், நிலையான துளைப்பானில், செங்குத்தாகப் போடுங்கள். அது ஒன்று சரியாக இறங்கினால் இரும்பு எப்போதும் அதே இடத்தில் உட்காரும். பிறகு வளைவு உளியால் குழல் பள்ளம். குழலின் அடிப்பாதி அளவுக்கே மரத்துக்குள் இறங்க வேண்டும். மேற்பாதி வெளியே நிற்கும். ஒவ்வொரு முறையும் இரும்பின் அடியில் விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்து மெல்லப் பூசி, மரத்தில் அழுத்தி எடுத்தால் தொடுகிற இடங்கள் கறுப்பாகப் பதியும். அவற்றை மட்டும் சீவுங்கள். கரி கிடைக்காவிட்டால் உதட்டுச்சாயம் போதும். அமெரிக்கக் கட்டைத் தச்சர்கள் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். பூசி, அழுத்தி, எடுத்து, சீவி, மறுபடி பூசி என்று இது நீண்டுகொண்டே போகும். கை சலித்தால் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்து வாருங்கள். அவசரத்தில் ஒரு தட்டு அதிகமாக விழுந்தால் அந்த இடைவெளி என்றைக்கும் கண்ணை உறுத்தும்.

போல்ட் கூட்டின் பின்முனைக்கும் மரத்துக்கும் இடையே மட்டும் ஒரு தடித்த தாளின் கனம் இடைவெளி விடுங்கள். சுடும்போது இரும்பு பின்னால் தள்ளும். அந்த இடத்தில் மரம் இறுக்கமாக முட்டிக்கொண்டிருந்தால் கழுத்தை நோக்கி வெடிப்பு ஓடும். திருகு பிடிக்கும் இடம் உறுதியாக அமர்ந்திருக்கட்டும். அதற்கு முன்னால், முன்கட்டையின் நுனிவரை, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு ரூபாய்த் தாளை வழுக்கவிடும் இடைவெளி இருக்கட்டும். மழை நாளில் மரம் சற்று உப்பினாலும் குழலைத் தள்ளாது, குறி மாறாது.

வடிவம்

பக்க வடிவத்தைப் பட்டை ரம்பத்தில் அறுங்கள். அறுத்து விழும் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வைஸில் கட்டையைக் கவ்வ அவையே தாங்கலாகும், பின்னால் இன்னொரு வேலைக்கும் வரும். அடுத்து மேலிருந்து பார்க்கும் வடிவம். பிறகு அரமும் மரராவியும். முன்கட்டையை உருட்டும்போது நான்கு மூலைகளையும் சமமாகச் சீவி எட்டுப் பட்டையாக்கி, அதைப் பதினாறாக்கி, பிறகே உருட்டுங்கள். நேராக உருட்டப் போனால் ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் புடைத்தும் நிற்கும். குழல் பள்ளத்தின் மேல் விளிம்புகள் ⅛ அங்குலத்துக்கு மெலியக் கூடாது.

கழுத்தைக் கடைசியாகச் செய்யுங்கள். அங்கே எடுத்த மரம் திரும்ப வராது. பைன் மாதிரியை அருகில் வைத்துக்கொண்டு, அடிக்கடி பிள்ளையை அழைத்துப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கைத் தாழ வைத்தால் மேடுபள்ளங்கள் நிழலில் தெரியும். அதைவிட நம்பகமானது கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவது.

வளரும் பிள்ளைக்குச் செய்யும் கட்டையில் நீளம் கூட்ட வழி இருந்தே ஆக வேண்டும். பள்ளிச் சீருடையின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து ஆண்டுக்காண்டு பிரித்துவிடும் அம்மாக்களின் வழிதான் இங்கேயும். கட்டையை இன்றைய அளவுக்கு முடித்து, பின்முனையில் ரப்பர் பட்டையை இரண்டு மரத்திருகுகளால் பொருத்துங்கள். அறுத்துவைத்த துண்டுகளிலிருந்து ½ அங்குலக் கனத்தில் மூன்று, நான்கு வில்லைகள் எடுத்து, அதே திருகுத் துளைகள் பொருந்துமாறு துளையிட்டு வையுங்கள். ஒரே பலகையின் மரம் என்பதால் நிறம் ஒத்துப்போகும். பிள்ளை வளர வளர ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் சேர்த்து, நீண்ட திருகுகள் போட வேண்டும். இந்த வில்லைகளைக் கட்டையோடு சேர்த்துப் பொருத்திய நிலையிலேயே ராவி, மெருகும் போட்டுவிடுங்கள். நான்கு வருடம் கழித்துத் தனியாக ஒரு வில்லையை மெருகிட்டு நிறம் ஒப்பாக்குவது பெரும்பாடு. சேர்த்து வைத்தால் 11 அங்குலக் கட்டை 13 வரை நீளும். அதற்குள் தாத்தாவின் கட்டை அவளுக்குப் பொருந்தும் வயது வந்துவிடும்.

கழுத்தில் சதுரக் கீறல் வேலைப்பாடு செய்ய ஆசை எழும். முதல் கட்டையில் வேண்டாம்.

தேய்ப்பும் மெருகும்

உப்புத்தாள் 80இல் தொடங்கி 120, 180, 220 என்று ஏறுங்கள். அரத்தின் கீறல் முழுவதும் 80லேயே மறைய வேண்டும். அங்கே விட்ட கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். தட்டையான இடங்களில் தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேயுங்கள், விரலால் தேய்த்தால் குழி விழும். இரும்பு சேரும் விளிம்புகளை மழுக்கிவிடாதிருக்க, இரும்பை அல்லது அதே வடிவ மரத்துண்டைப் பொருத்திக்கொண்டே தேயுங்கள். தேய்ப்பில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளலாம். முகமூடியும் கண்ணாடியும் அணிந்து 180 தாளோடு உட்காரட்டும். தான் தேய்த்த கட்டையைப் பிள்ளை கவனமாக வைத்துக்கொள்வாள்.

220 முடிந்ததும் ஈரத் துணியால் முழுதும் துடையுங்கள். நசுங்கிக் கிடந்த நார்கள் ஈரத்தில் எழுந்து நிற்கும். காய்ந்ததும் தடவினால் சொரசொரக்கும். அவற்றை 220 தாளால் மென்மையாக அறுத்தெடுத்து, மறுபடி நனையுங்கள். நார் எழுவது நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் மழையில் நனைந்த கட்டை பிள்ளையின் கன்னத்தை அராவும். எங்காவது உளி நசுக்கிய பள்ளம் இருந்தால் அதன்மேல் ஈரத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் அழுத்துங்கள். நீராவியில் நார் உப்பி மேலே வரும். கடைசியாக 320. அதற்கு மேல் தேய்ப்பது வீண் உழைப்பு.

மெருகுக்கு உலரும் எண்ணெய்தான் வேண்டும். சமையல் எண்ணெய் வகைகள் உலராமல் பிசுபிசுக்கும். பச்சை ஆளிவிதை எண்ணெய் உலரப் பல நாள் எடுக்கும். கடையில் ‘பாயில்டு’ என்று கிடைப்பதில் உலர்த்திகள் சேர்ந்திருப்பதால் ஒரு நாளில் காயும். டங் எண்ணெய் ஈரத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும். கட்டைக்கென்றே விற்கும் ட்ரூ ஆயில் விரைவாக உலர்ந்து மெல்லிய பளபளப்பு தரும். பிள்ளையின் கட்டைக்கு நான் டங் எண்ணெயைத் தேர்வேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம். கீறல் விழாமல் எந்தப் பிள்ளையும் பயன்படுத்தப் போவதில்லை.

அக்ரூட் மரத்தின் துளைகள் பெரியவை, அவற்றை நிரப்ப வேண்டும். எண்ணெயைத் தாராளமாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே 400 தண்ணீர்த் தாளால் தேயுங்கள். மரத்தூளும் எண்ணெயும் குழைந்து சேறாகும். அதை நாருக்குக் குறுக்காகத் துடைத்தால் சேறு துளைகளுக்குள் தங்கும். நன்றாகக் காய விட்டு மறுபடி செய்யுங்கள். துளைகள் மறைந்த பிறகு, விரலில் தொட்ட சில துளி எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். தடித்த பூச்சு சுருங்கி ஒட்டும், காயாது. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே குறைந்தது ஒரு நாள். குழல் பள்ளத்தின் உட்புறம், திருகுத் துளை, ரப்பர் பட்டைக்கு அடியிலுள்ள முனைநார் ஆகியவற்றுக்கும் இரண்டு, மூன்று பூச்சு கட்டாயம். வெளியே பளபளப்பாக மெருகிட்டு உள்ளே வெறும் மரமாக விட்டால் ஈரம் அங்கே நுழைந்து கட்டையை முறுக்கும்.

எண்ணெய்த் துணிகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை, டங் எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் வெளிவிடும். துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். வீடுகள் இப்படி எரிந்திருக்கின்றன. வேலை முடிந்த கையோடு துணிகளைத் திறந்த வெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துக் காயப் போடுங்கள். விறைத்த பிறகே எறியுங்கள். அதற்கு இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் மூழ்கடியுங்கள். எண்ணெய் குழைந்த சேற்றைத் துடைத்த காகிதத்துக்கும் இதே விதி.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாதம் காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். எண்ணெய் முழுதும் இறுகி, மூக்கருகே வைத்தாலும் வாசனை வராத நிலையில்தான் பிள்ளையின் கன்னம் அதில் பட வேண்டும்.

சுடுதளத்தில்

இரும்பைப் பொருத்தித் திருகை இறுக்கி, விசை எங்கும் மரத்தில் உரசாமல் இயங்குகிறதா என்று தோட்டா அறையை வெறுமையாக வைத்துச் சோதியுங்கள். முதலில் நீங்கள் சில முறை சுட்டுப் பாருங்கள். பிறகு பிள்ளை, 4-எச் போன்ற இளைஞர் அமைப்பின் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு. ஒரு பெட்டித் தோட்டா முடிந்ததும் இரும்பைக் கழற்றிப் பள்ளத்தைப் பாருங்கள். எங்காவது மரம் புதிதாகப் பளபளத்தால் அங்கே உரசுகிறது. கரி பூசிச் சீவி, எண்ணெய் தடவுங்கள். புது மரம் திருகின் கீழ் சற்று அமுங்கும், அதனால் திருகை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும்.

பிள்ளையின் பிறந்த நாளுக்கொரு முறை முழங்கை அளவை மறுபடி எடுங்கள். அரை அங்குலம் கூடியிருந்தால் ஒரு வில்லையைச் சேருங்கள். துப்பாக்கி ஓர் இரும்புப் பெட்டியிலும் தோட்டா வேறொரு பெட்டியிலும் பூட்டியிருக்கட்டும். இரண்டு சாவிகளும் பெரியவரிடம்.